பெரிய ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாபநாசத்துக்காரர்:

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே பெரிய ஆட்டக்காரர், எங்கள் ஊர் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தொடருக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர்தான். ஐபிஎல்லில் ஆடியவர், டிவியில் பார்த்துப் பழகிய முகம். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு முழுக்க அவர் பக்கம் திரும்பிவிடும்.

முதலில் அந்தத் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பா அறுத்த பிறகு உளுந்து தெளிக்காமல் விட்ட ஆறு மா நிலம். எங்கள் பக்கம் களிமண், மாசி வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடித்துவிடும், பந்து உள்ளே போனால் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். பிட்ச் போடும் இடத்தில் மட்டும் நெல் தாளை வேரோடு செதுக்கி, வெடிப்பில் ஆற்று வண்டலைக் கொட்டி அடைத்து, ராத்திரி தண்ணீர் விட்டு, விடியற்காலையில் ஈரம் பாதி இழுத்த பதத்தில் ரோலரை உருட்ட வேண்டும். கொஞ்சம் முன்னால் உருட்டினால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், தாமதித்தால் அமுங்காது. பகலெல்லாம் நெல் மூட்டை தூக்கிய பையன்கள்தான் இதைச் செய்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் கிடையாது.

விருந்தினருக்குத் தொகை பேசி, தஞ்சாவூரில் ஏசி அறை போட்டு, கார் அனுப்பினோம். காசு வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை, அது அவர் தொழில். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரை மணிக்கு வந்தார். தூசி என்று காரிலிருந்து இறங்கவில்லை, மேடைக்குப் பக்கத்திலேயே வண்டியைக் கொண்டுவரச் சொன்னார், வண்டி பிட்சின் ஓரத்தில் ஏறித்தான் வந்தது. எங்கள் பையன்கள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அப்புறம் மேடையில் பத்து நிமிஷம். இறங்கும்போது ஒரு சின்னப் பையன் கையெழுத்துக்குப் பேட்டை நீட்டினான். தென்னை மட்டையை அரிவாளால் செதுக்கி, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய பேட், புதுசாக வெட்டியது, பச்சை வாசனை கூடப் போகவில்லை. "இதுல எல்லாம் போட முடியாதுப்பா" என்று கையால் ஒதுக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரியே அவருடைய இணையப் பக்கத்தில் எங்கள் திடல் வீடியோவாக வந்தது, கிராமத்துக் கிரிக்கெட்தான் தன் உயிர் என்று எழுதியிருந்தார்.

இந்தக் கசப்பு எனக்கு அவரால் மட்டும் வந்ததில்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 எடுக்க வேண்டும், முதுகுவலியோடு நின்று சச்சின் 136 அடித்தார், அவர் ஏழாவதாக அவுட் ஆனபோது 17 ரன்தான் பாக்கி, மிச்சம் மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் விழுந்து 12 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு அழுதேன். ஆனால் அந்தக் கூட்டம் எழுந்து நின்று ஜெயித்த அணிக்குக் கை தட்டியதைப் பார்த்தபோது, இந்த ஆட்டத்தை விரும்புகிறவனாக இருப்பதே பெருமையாக இருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் டெல்லி போலீஸ் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்ஸி குரோனியே சூதாட்டத் தரகரோடு பேசிய பேச்சை வெளியிட்டது, அவரும் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நம் முன்னாள் கேப்டன் அசாருதீனுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது (2012ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, அதையும் சொல்ல வேண்டும்). எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை விட, என் கண் கெட்டுப்போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். அதற்கு முன்னால் ஒரு கேட்ச் நழுவினால் "அய்யோ" என்பேன். அதற்குப் பிறகு "ஏன்?" என்று மனசு கேட்க ஆரம்பித்தது, இன்றைக்கு வரை கேட்கிறது. எங்கள் திடலில் கேட்ச் நழுவும்போது மட்டும் அந்தக் கேள்வி வருவதில்லை.

இன்னொன்று, இதுதான் மிகவும் வலிப்பது. எங்கள் அணியின் இடது கைப் பந்துவீச்சாளர், அறுவடை மெஷின் ஓட்டுகிற தம்பி, பணம் கட்டி அணி தேர்ந்தெடுக்கும் ஒரு செயலியில் ஒரு பருவத்துச் சம்பளம் முழுவதையும் விட்டான். விளம்பரத்தில் சிரித்தபடி கூப்பிட்டவர்கள் அவன் தெய்வமாக நினைத்த ஆட்டக்காரர்கள். ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது இந்திய விக்கெட் விழுந்ததும் துள்ளிக் குதித்தான், எதிரணிப் பந்துவீச்சாளரை அவன் தேர்ந்தெடுத்திருந்தானாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அவன் காசு திரும்பி வரவில்லை. விளம்பரத்தில் நடித்த யாரும் "தப்பு செய்துவிட்டோம், தம்பி" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மன்னார்குடிக்காரர்:

அண்ணே, படித்ததும் 2018 ஞாபகம் வந்தது. நான் மஞ்சள் சட்டை ஆள், சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். இரண்டு வருஷத் தடை முடிந்து அணி திரும்பி வந்த வருஷம் அது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் நமக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொல்லி, அதைச் செயல்படுத்த ஆறு வாரக் கெடுவும் கொடுத்தது, கெடு முடிந்தும் மேலாண்மை வாரியம் வரவில்லை, இங்கே தினமும் மறியல். ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம். வெளியே போராட்டம், உள்ளே மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. செருப்பு வீசியது எனக்குப் பிடிக்கவில்லை, ஃபீல்டிங்கில் நிற்கிற ஆளுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம். மற்ற ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போய்விட்டன.

எனக்கு வலித்தது வேறு. ஆட்டம் போனதற்கு எல்லோரும் வருத்தப்பட்டார்கள், சென்னை ரசிகர்களைப் பிரிகிறோம் என்றார்கள். வயல் காய்கிற ரசிகனும் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்வார்களா என்று தினமும் பேப்பரைப் புரட்டினேன். என் கண்ணில் படவில்லை. அரசியல் பேசச் சொல்லவில்லை அண்ணே, "அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கட்டும்" என்றால் போதும். அந்த வருஷமும் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 19தான். மே மாதம் இறுதி ஆட்டத்தில் வாட்சன் 117 அடித்துக் கோப்பை வந்தபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். இப்போதும் ஸ்கோர் பார்க்கிறேன், சட்டை மட்டும் போடுவதில்லை.

மயிலாடுதுறைக்காரர்:

ரெண்டு அண்ணன்களும் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒட்டுமொத்தமாக வெறுக்க எனக்கு மனசு வரவில்லை, காரணம் ஒரு மனிதர். ரஞ்சி ஆடியவர், விளையாட்டுக் கோட்டாவில் வங்கி வேலை, மாற்றலாகி இங்கே வந்தார், ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டார். அவர் ரஞ்சி ஆடியது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

எங்களுக்குக் கயிற்று மேட்டிங் விக்கெட். மேட்டை விரித்து இழுத்து ஆணி அடிப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, கொஞ்சம் தளர்ந்தாலும் பந்து ஏறுமாறாக எழும்பும். அவர்தான் முதலில் வந்து முழங்கால் போட்டு ஓரத்தை இழுத்துப் பிடிப்பார், ஆணியைச் சாய்வாக அடிக்கச் சொல்வார், நேராக அடித்தால் பிடுங்கிக்கொள்ளும் என்பார். நல்ல லென்த்தில், அதாவது பந்து குத்த வேண்டிய இடத்தில், செருப்பை வைத்துவிட்டு "இதுல போடு, அப்புறம் வேகத்தைப் பத்திப் பேசலாம்" என்பார். எங்களில் யாரும் பெரிய ஆள் ஆகவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. காசு வாங்கி ஆடியவர்தானே அவரும்.

பாபநாசத்துக்காரர்:

மன்னார்குடி தம்பி, வாட்சன் அடித்த அன்றைக்கு நானும் வெடி வெடிக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

மயிலாடுதுறை தம்பி, அந்த ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். வருகிற மாசியிலும் தொடர் வைக்கிறோம், இந்தத் தடவை மேடையும் இல்லை, விருந்தினரும் இல்லை, அந்தக் காசுக்கு நாலு நல்ல பேட் வாங்கியாகிவிட்டது. அவர் ஒருநாள் முன்னால் வந்து பிட்சைப் பார்த்துச் சொன்னால் போதும், பையன்களுக்கு ரோலர் உருட்டும் பதம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ரயிலில் ஏற்றிவிடுங்கள், பாபநாசம் ஸ்டேஷனில் நான் வண்டியோடு நிற்கிறேன், சாப்பாடு நம் வீட்டில்.