ஃப்ரீஃபார்ம் நிட்டிங்: துண்டு ஏன் குழிகிறது?

கேள்வி (கம்பளிக்கண்டு):
அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாகப் பின்னி வருகிறேன். காலுறையானாலும் சால்வையானாலும், அச்சிட்ட குறிப்பைப் பக்கத்தில் வைத்து வரிசைகளை எண்ணியே பின்னிப் பழகியவள். இப்போது குறிப்பு ஏதுமின்றி, நூலும் நிறமும் இழுத்துச் செல்லும் வழியில் பின்னும் ஃப்ரீஃபார்ம் நிட்டிங்கைக் கற்க மிகவும் ஆசைப்படுகிறேன். எல்லா வரிசையும் நிட்டாக (அடிப்படைப் பின்னலாக), உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் பின்னி, அதன் ஓரங்களில் கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) எடுத்து வெவ்வேறு நூல்களால் சுற்றிலும் வளர்த்தேன். மெல்லிய நீல நூலைச் சேர்த்த பக்கம் கிண்ணம்போல் குழிந்துவிட்டது. தடித்த பழுப்பு நூல் சேர்ந்த பக்கமோ அலையலையாக எழும்பி நிற்கிறது. மூன்று முறை அவிழ்த்துப் பின்னியும் அதே நிலைதான். தவறு எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட துண்டுகளிலிருந்து ஒரு முழு மேலாடையை எவ்வாறு உருவாக்குகிறார்கள்?

மறுமொழி (ஊசிமுனை):
நீங்கள் எல்லா நூலுக்கும் ஒரே எண்ணிக்கையில் கண்ணி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னும்போது இரண்டு வரிசைக்கு ஒரு மேடு உண்டாகும். பக்கவாட்டு ஓரத்தில் ஒரு மேட்டுக்கு ஒரு கண்ணி என்பது அதே தடிமனுள்ள நூலுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. மெல்லிய நூலின் கண்ணி குறுகலானது என்பதால், அதே எண்ணிக்கை ஓரத்தின் நீளத்தை நிரப்பாமல் இழுத்துப் பிடிக்கிறது, நடுப்பகுதி குழிகிறது. தடித்த நூலில் அதே எண்ணிக்கை மிகுதியாகி, இடம் போதாமல் அலையாக எழும்புகிறது. ஆகவே, புதிய நூலில் ஒரு சிறு மாதிரி பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று பார்த்து, ஓரத்தை அங்குலத்தால் அளந்து கண்ணி எடுங்கள்.

மூலையைச் சுற்றிப் பின்னுவதாக இருந்தால், ஒன்றுவிட்ட வரிசைதோறும் மூலைக் கண்ணியின் இருபுறமும் ஒவ்வொன்று கூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் துண்டு குழியத்தான் செய்யும். வரிசையை முடிக்காமல் பாதியில் திரும்பிப் பின்னும் குறுவரிசை முறையையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்புப்போல் வரும் அந்தத் துண்டுகளே வளைவுகளுக்கு உயிர்.

மறுமொழி (பழைய நூல்):
மேலே உள்ள விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். மேலாடை பற்றிய கேள்விக்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரே துண்டைச் சுற்றிச் சுற்றி வளர்த்து ஆடையாக்க முயல வேண்டாம். இக்கலையில் சிறு துண்டுகளை ‘ஸ்க்ரம்பிள்’ என்பார்கள். இங்கிலாந்தின் சில்வியா காஷ், ஜேம்ஸ் வால்ட்டர்ஸ் இருவரும் குரோஷேயில் (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் கலையில்) இந்த முறையைப் பரப்பியவர்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றின் அளவில் பழைய துணியை வெட்டி, மேசையில் விரித்து, துண்டுகளை அதன்மேல் பரப்பி ஊசி குத்திவையுங்கள். பல நாள்கள் அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள், உடனே தைக்க வேண்டாம். எனக்கு இந்தக் கட்டம்தான் பின்னுவதைவிடப் பிடித்தமானது. இடைவெளி விழுந்தால் அதன் வடிவத்துக்கேற்ப ஒரு துண்டைப் பின்னியோ குரோஷே ஊசியால் நிரப்பியோ, பின்பக்கமிருந்து நூல் தெரியாமல் தைத்து இணைக்கலாம்.

மறுமொழி (வண்ணக்கூடை):
நூல் தேர்வில் முழுச் சுதந்திரம் வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீரில் சுருங்கும் கம்பளியையும் சுருங்காத அக்ரிலிக்கையும் ஒரே ஆடையில் கலந்தால், முதல் சலவையிலேயே இணைப்புகள் இழுத்துக்கொள்ளும். சுவரில் தொங்கும் படைப்பானால் எதையும் கலக்கலாம்.

மறுமொழி (கம்பளிக்கண்டு):
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அளந்து பார்த்தேன்: சதுரத்தின் நூலில் அங்குலத்துக்கு 5 கண்ணி, நீல நூலில் 7. நான்கு அங்குல ஓரத்தில் 20 கண்ணிக்குப் பதிலாக 28 எடுத்ததும், நீலப் பக்கம் மேசையில் தட்டையாகப் படிந்தது. பழுப்புப் பக்கத்தை இன்று அவிழ்க்கிறேன். ஊசிமுனை அவர்களே, குறுவரிசையில் திரும்பும் இடத்தில் சிறு ஓட்டை விழுகிறதே, அதை எப்படி அடைப்பது?

மறுமொழி (ஊசிமுனை):
திரும்பும் முன் அடுத்த கண்ணியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போது சுற்றிய நூலையும் கண்ணியையும் சேர்த்தே பின்னினால் ஓட்டை மூடிவிடும். எல்லா வரிசையும் நிட்டாக இருந்தால் சேர்த்துப் பின்னாமல் அப்படியே விட்டாலும் அந்தச் சுற்று மேட்டுக்குள் மறைந்துவிடும்.