பித்தப்பை அழற்சி, பிலிருபின் 2.8, குழாய் 7 மி.மீ.: நேராக இஆர்சிபியா?

குடல்நோக்கி:
58 வயது நோயாளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாக வலது மேல்வயிற்றில் வலி, காய்ச்சல் 38.3 டிகிரி. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது, உள்ளே கற்கள். பொதுப் பித்தக்குழாய் 7 மி.மீ., அதில் கல் தெரியவில்லை. ரத்தத்தில் காமாலை நிறமியான பிலிருபின் 2.8 மி.கி./டெ.லி. காய்ச்சல், காமாலை, விரிந்த குழாய் மூன்றும் சேர்ந்தால் பித்தத் தொற்றுகளைக் கண்டறியும் டோக்கியோ 2018 அளவுகோல்படி பித்தக்குழாய்த் தொற்று உறுதி. நேராக இஆர்சிபி, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு பித்தக்குழாயைப் படம் பிடித்துக் கல்லை எடுப்பது, அதைச் செய்வதே சரி என்பேன்.

அறுவைஅரங்கு:
ஒப்ப முடியாது சார். அந்தக் காய்ச்சல் பித்தப்பையிலிருந்தே வரலாம். குழாயில் கல்லே இல்லாமல், அழற்சியால் மட்டுமே பிலிருபின் இந்த அளவுக்கு ஏறுவதுண்டு. அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டியில் படத்தில் குழாய்க் கல் தெரிந்தாலோ, குழாய்த் தொற்று இருந்தாலோ, பிலிருபின் 4-க்கு மேலும் குழாய் 6 மி.மீ.க்கு மேலும் சேர்ந்து இருந்தாலோதான் குழாயில் கல் இருக்க ‘அதிக வாய்ப்பு’. காய்ச்சல் பித்தப்பையிலிருந்து என்றால் இவர் நடுத்தர வாய்ப்புக்காரர். கல் இல்லாதவருக்கு இஆர்சிபி செய்து கணைய அழற்சி வரவழைத்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

கதிர்ப்படம்:
எம்ஆர்சிபி (பித்தக்குழாயின் எம்ஆர்ஐ படம்) எடுங்கள், ஆனால் தொகுத்த முப்பரிமாணப் படத்தை மட்டும் பார்த்து முடிவு எழுதக் கூடாது. சிறு கல் அதில் பித்தத்தின் வெண்மைக்குள் மறைந்துவிடும். மெல்லிய வெட்டுகளைப் பார்க்க வேண்டும். காற்றுக்குமிழி மேலே மிதக்கும், கல் கீழே படியும். 5 மி.மீ.க்குக் குறைந்த கல் குழாயின் கீழ் முனையில் இருந்தால் அப்படியும் தப்பலாம். அங்கே எண்டோஸ்கோப் முனையில் கருவி வைத்து உள்ளிருந்தே எடுக்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்தான் கூர்மை. கல் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே இஆர்சிபியை முடிக்கலாம்.

குடல்நோக்கி:
ஸ்கேனுக்குக் காத்திருந்தே பித்தப்பை அறுவை தள்ளிப்போகிறதே?

அறுவைஅரங்கு:
அதனால்தான் அறுவை மேசையிலேயே குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்கிறேன். பித்தப்பைப் பக்கம் கிளிப் போட்டு, பித்தப்பையைப் பொதுக் குழாயோடு இணைக்கும் சிஸ்டிக் குழாயில் சிறு வெட்டு. கத்தீட்டர் என்ற மெல்லிய குழலில் உள்ள காற்றைச் சலைனால் முழுக்க வெளியேற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் குமிழி கல்லாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) பாதிக்குப் பாதி நீர்த்தது, ஏனென்றால் அடர்த்தியாக இருந்தால் சிறு கல் அதில் மூழ்கிவிடும். முதல் சில மி.லி. போகும்போதே கீழ் முனையைப் பாருங்கள். சிறுகுடலுக்குள் இறங்கவில்லையா? குளுககான் 1 மி.கி. சிரையில் கொடுத்து அலசுங்கள். குழாயின் கீழ் முனைச் சுருக்குத்தசை இறுகியிருந்தால் திறந்துவிடும்.

குடல்நோக்கி:
அழற்சியில் சிஸ்டிக் குழாய் வீங்கி, தொட்டாலே கிழியும். கத்தீட்டர் ஏறாது.

அறுவைஅரங்கு:
உண்மைதான். ஏறாவிட்டால் வம்படியாகத் தள்ளக் கூடாது. பித்தப்பைக்குள்ளேயே கான்ட்ராஸ்ட் செலுத்திப் பார்க்கலாம், அல்லது லேப்ராஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். கல் இருந்து, குழாய் இவருக்கு இருப்பதுபோல் 7 மி.மீ. என்றால், பொதுக் குழாயை வெட்டித் திறக்க மாட்டேன், தைத்த இடம் சுருங்கிவிடும். சிஸ்டிக் குழாய் வழியாகக் கம்பிக்கூடை போட்டுக் கல்லை எடுக்கலாம். முடியாவிட்டால் உங்களிடம்தான் அனுப்புவேன்.

குடல்நோக்கி:
சரி, நிலையாக இருப்பவருக்கு இஆர்சிபியைப் பின்னால் வைக்கிறேன். ஆனால் குளிர்நடுக்கம், மனக்குழப்பம், ரத்த அழுத்த வீழ்ச்சி வந்தால் எந்தப் படத்துக்கும் காத்திருக்க மாட்டேன். ஆன்டிபயாடிக் தொடங்கி, அதிர்ச்சி நிலை என்றால் 12 மணி நேரத்துக்குள் பித்தத்தை வடித்தாக வேண்டும். அப்போது கல்லோடு மல்லுக்கட்டவும் கூடாது. ரத்தம் உறையாத நிலையில் சுருக்குத்தசையை வெட்டாமல் ஸ்டென்ட் மட்டும். தடை ஏதும் இல்லாவிட்டால் மலக்குடல் வழியாக டைக்ளோஃபெனாக் 100 மி.கி., கணைய அழற்சி வராமலிருக்க.

அறுவைஅரங்கு:
அதில் சண்டையே இல்லை. கல்லை எடுத்துவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொல்வதில்தான் எனக்குக் கோபம். மீதிக் கற்கள் பித்தப்பையில்தானே இருக்கின்றன? இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் அதே சேர்க்கையில் பித்தப்பையை எடுக்க வேண்டும்.

கதிர்ப்படம்:
இன்னொன்று. பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய கல் வெளியிலிருந்து ஈரல் குழாயை அழுத்தினாலும் இதே பிலிருபின் வரும், மிரிஸி நிலை. மேலே விரிந்து, கீழே இயல்பான அளவில் குழாய் இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். கத்தி வைக்கும் முன் தெரிந்தாக வேண்டிய விஷயம் அது.