இங்கிலீஷ்காரங்க வீட்டுக் குறும்புப் பேய்ங்க எங்கேருந்து வந்துச்சு?

குன்னூர்_மூடுபனி:
எங்க தாத்தா குன்னூர் பக்கம் ஒரு தொரை பங்களாவுல பட்லரா இருந்தாரு, ராத்திரி குசினில பாத்திரம் உருண்டா தொரைசானி "அது எங்க ஊர் ஆளு, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லுவாங்களாம். நம்ம ஊர்ப் பேய்க் கதைல பெரும்பாலும் செத்தவங்கதான் வருவாங்க, இவங்க கதைல வீட்டு வேலையும் செஞ்சு குறும்பும் பண்ற ஒண்ணு வருதே, அதோட மூலம் என்ன? செத்தவங்க ஆவியா, பழைய சாமியா? தெரிஞ்சவங்க விரிவா சொல்லுங்க ப்ளீஸ்.

கோத்தகிரி_வாசகன்:
வட இங்கிலாந்துல, முக்கியமா யார்க்‌ஷயர்ல, இதுக்கு ஹாப்னு பேரு. ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் பிரவுனி, லங்காஷயர்ல கோவக்கார வகைக்கு பாகர்ட். எல்லாம் பண்ணை வீட்டு ஆளுங்க, ஊர் தூங்கினப்புறம் கதிரடிக்கும், மாவரைக்கும், வீடு பெருக்கும், கூலியா அடுப்பாண்ட ஒரு கிண்ணம் பால் வெச்சாப் போதும், ஆனா புதுத்துணி எடுத்து வெச்சீங்கன்னா கோச்சுக்கிட்டு வீட்டையே விட்டுப் போயிடும். 1584ல ரெஜினால்ட் ஸ்காட்ங்கிறவர் சூனிய நம்பிக்கைய எதிர்த்து எழுதின புத்தகத்துலயே இந்தப் பாலும் வருது துணிக் கோவமும் வருது, பழைய கிழவிங்க சொன்ன கதைன்னுதான் அவரே எழுதுறாரு, அப்ப அதுக்கு முன்னாடியே ஊருக்குள்ள ஓடியிருக்கணும்.

ரோமாக்காரங்க வீட்டுக்கு வீடு லாரெஸ்னு காவல் தெய்வம் வெச்சு படையல் போட்டாங்க, அதோட மிச்சம்தான் இதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல, நடுவுல அத்தன நூற்றாண்டு இடைவெளி இருக்கே. ஜெர்மனில கோபோல்ட், டென்மார்க்ல நிஸ்ஸேன்னு இதே குணத்தோட ஆளுங்க இருக்காங்க, நிஸ்ஸேக்கு வெண்ணெய் போட்டு கஞ்சி வெப்பாங்க. சொந்தம் தேடணும்னா அந்தப் பக்கம்தான் தேடணும்.

கூடலூர்_மழை:
எங்க பக்கம் குட்டிச்சாத்தான் கதைங்க நெறைய, ஓட்டுல கல் விழும், சோத்துல மண்ணு விழும். ஆனா அத ஒரு மந்திரவாதி ஏவி விடணும். ஹாப் யாரும் ஏவாம தானா வந்து தங்குது, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது.

குன்னூர்_மூடுபனி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப செத்தவங்க ஆவியே கிடையாதா?

கோத்தகிரி_வாசகன்:
சில இடத்துல கலந்துடுச்சு. சண்டர்லேண்ட் பக்கம் ஹில்டன் கோட்டைல கால்ட் லாட்னு ஒண்ணு, சமையக்கட்ட ஒழுங்கா வெச்சுட்டுப் போனா கலைச்சுப் போடும், அலங்கோலமா விட்டுட்டுப் போனா அடுக்கி வெக்கும், வேலைக்காரங்க பச்சைத் துணி வெச்சதும் போயிடுச்சாம். அச்சு அசல் ஹாப் கதை இது, ஆனா 1609ல எஜமான் கையால செத்த குதிரை லாயப் பையன் ஆவின்னும் அதையே சொல்றாங்க.

இதுல சர்ச்சுக்கும் பங்கு உண்டு. புராட்டஸ்டண்ட் மதம் வந்தப்புறம் நல்ல ஆவின்னு நடுவுல ஒண்ணு இருக்க எடமில்லாமப் போச்சு, 1597ல ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் பிரவுனியக் கூட பிசாசுன்னு எழுதிட்டாரு. மாடு மேய்ச்சு கதிரடிச்ச ஒரு வீட்டு ஆள இப்படி பிசாசாக்கினது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

கொடைக்கானல்_ஏரி:
துணி விஷயத்துக்கு ஒண்ணு சேக்குறேன். லிங்கன்ஷயர் கதைல இதே மாதிரி ஒரு வீட்டு ஆளு வருஷா வருஷம் நல்ல லினன் சட்டை வாங்கிட்டு வேலை செய்யும், கஞ்சப் பண்ணைக்காரன் ஒரு வருஷம் முரட்டு சணல் சட்டை வெச்சான், இனி அரைக்க மாட்டேன் இடிக்க மாட்டேன்னு பாடிட்டுப் போயிடுச்சு. பண்ணை வேலையாளுங்க கூலிக் கவலை இதுல அப்படியே இருக்கு, சாமி கதையா மட்டும் பாத்தா அது தெரியாமப் போயிடும்.

அப்புறம் பாகர்ட் தொல்லை தாங்காம ஒரு குடும்பம் வண்டில சாமான் ஏத்திட்டுக் கெளம்பும், வழில பக்கத்து வீட்டுக்காரர் "வீடு மாத்துறீங்களா"ன்னு கேப்பாரு, வண்டில இருக்கிற பால் கடையிற பீப்பாக்குள்ளேருந்து "ஆமா, மாத்துறோம்"னு குரல் வரும், சரி எங்க போனாலும் கூட வரும்னு திரும்பிடுவாங்க. டென்மார்க்ல இதே கதை நிஸ்ஸே பேர்ல இருக்கு. யார்க்‌ஷயர்ல டேனிஷ்காரங்க குடியேறின சரித்திரம் 9ஆம் நூற்றாண்டுலேருந்து இருக்கிறதால நான் அந்த வழியத்தான் நம்புறேன்.