நெட் தினமும் சாயங்காலம் போகிறது, அவசரம், உதவி தேவை

அவசரக்குடுக்கை | திங்கள், மாலை 6.52

வணக்கம். நெட் போகிறது. தினமும். இரண்டு வாரமாக. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். நெட் பெட்டியைக்கூட மாற்றியாயிற்று. ஐந்து முறை புகார் கொடுத்தேன். ஐந்து முறையும் 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் படிக்கும்போது நெட் இல்லை. நாளை முக்கியமான வேலை இருக்கிறது. என்ன செய்யலாம், உடனே சொல்லவும். போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

அலைவரிசை | 6.58

வைஃபையா, கேபிளா? 'நெட் போகிறது' என்றால் வைஃபை சின்னமே காணாமல் போகிறதா, சின்னம் இருந்தும் பக்கம் திறக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

எனக்கென்னவோ அக்கம்பக்கத்து நெரிசல் என்றுதான் படுகிறது. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி ஒரே நேரத்தில் போடுகிறார்கள். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒரு கட்டடத்தில் முப்பது பெட்டி இருந்தால் அந்த மூன்று என்ன பாடுபடும்? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

ஈயப்பற்று | 7.03

பெட்டியை மாற்றினார்கள், சரி. அடாப்டரை மாற்றினார்களா? மாற்றியிருக்க மாட்டார்கள். புதுப் பெட்டியைப் பழைய அடாப்டரிலேயே சொருகிவிட்டுப் போவார்கள், பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் உப்பிப்போனால் 12 வோல்ட் கொடுக்க வேண்டியது தள்ளாடும். சாயங்காலம் கரண்ட் இறங்கும்போது முதலில் மண்டையைப் போடுவது அதுதான். பெட்டி சாகாது ஐயா, அடாப்டர்தான் சாகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

செம்பருத்தி | 7.05

சில விவரம் வேண்டும். நெட் போகும்போது பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, என்ன நிறம்? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறது? தானாக வருகிறதா, நீங்கள் அணைத்துப் போட்டபிறகா? இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டிலோ கட்டடத்திலோ ஏதாவது மாறியதா?

நிரல்நாயகம் | 7.20

'கேள்வி கேட்பது எப்படி' என்று நான் எழுதிய பதிவு இந்தப் பகுதியின் உச்சியிலேயே ஒட்டியிருக்கிறது. அதை ஒருவரும் படிப்பதில்லை. டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? இணைப்பு எந்த வகை, பெட்டியின் மாடல் என்ன, பதிவேட்டில் என்ன பிழை வருகிறது? இவை இல்லாமல் பதில் சொல்வது ஜோசியம். மேலே இருவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஈயப்பற்று | 7.24

ஜோசியம் பலித்தால் என்ன செய்வீர்கள்?

அவசரக்குடுக்கை | இரவு 9.41

மன்னிக்கவும், நெட் இல்லையென்று மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் நெட் இருந்தது, வேலையில் மூழ்கிவிட்டேன்.

ஃபைபர்தான், இதைக்கூடவா சொல்ல வேண்டும்? ஆறு, ஆறேகாலுக்குப் போகும். ஏழரை, எட்டுக்குத் தானாக வரும். விளக்கைப் பார்த்ததில்லை, பெட்டி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் எதுவும் மாறவில்லை. நேற்று ஞாயிறு, நாலரைக்கே போய்விட்டது. போன புதன் நல்ல மழை, அன்று முழுக்க ஒரு நொடிகூடப் போகவில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால் அன்றைக்குத்தான் எனக்கு நெட்டே தேவைப்படவில்லை.

வெப்பச்சலனம் | 9.50

மழை நாளில் போகவில்லையா? அப்படியானால் முடிந்தது. சூடு! அலமாரிக்குப் பின்னால் காற்றே போகாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வெந்துபோகிறது பாவம். மழை பெய்தது, குளிர்ந்தது, ஓடியது. வெளியே எடுத்து வையுங்கள்.

அலைவரிசை | 9.54

மத்தியானம் ஓடுகிற பெட்டி ஆறு மணிக்கா வேகும்? ஞாயிறு நாலரைக்கே போகிறது என்கிறார், அதைப் பாருங்கள். விடுமுறை நாளில் எல்லாரும் சீக்கிரமே ஆரம்பித்துவிடுகிறார்கள். நெரிசலேதான்.

வெப்பச்சலனம் | 9.57

சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் விடும். மேற்குப் பார்த்த அறையில் இருந்து பார்த்தால் தெரியும்.

செம்பருத்தி | 10.02

நெரிசல் என்றால் வேகம் குறையும், ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் நின்றுபோகாது. நாளைக்கு நெட் போனதும் அலமாரியை நகர்த்தி விளக்கை மட்டும் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா என்று. அது ஒன்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கதவடைப்பு | 10.15

தீர்வு தெரியாது, துக்கம் விசாரிக்க வந்தேன். எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம். 'காலை பத்து முதல் மாலை ஆறுக்குள் வருவோம், வீட்டில் இருங்கள்' என்றார்கள். குளிக்கக்கூட பயந்துகொண்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் குறுஞ்செய்தி: 'தங்கள் இல்லம் பூட்டியிருந்ததால் திரும்பிச் சென்றோம்.' எந்த இல்லம் என்று கேட்க எண் இல்லை, அது பதில் வாங்காத எண்.

அவசரக்குடுக்கை | 10.21

அதே கதைதான். இங்கே வருகிற பையன் காலை பதினொரு மணிக்குத்தான் வருவான். அப்போது நெட் பறக்கும். வேகத்தைச் சோதித்துப் படம் எடுத்துக்கொள்வான், என் போனுக்கு வரும் எண்ணைக் கேட்பான், அதைக் கொடுத்தால் புகார் மூடிவிடும். 'ஆறரைக்கு வாப்பா, அப்போதுதான் போகும்' என்றால் 'ஆறு மணியோடு எங்கள் வேலை நேரம் முடிகிறது சார்' என்கிறான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. வந்த நாளெல்லாம் அலமாரியை நகர்த்திக் கொடுத்து அவனுக்கே முதுகு போய்விட்டது.

திண்ணைவாசி | 10.30

ஒன்று கேட்கட்டுமா? அந்த ஒன்றரை மணி நேரம் மாடியில் என்ன செய்கிறீர்கள்?

அவசரக்குடுக்கை | 10.44

என்ன, சும்மாதான். காற்று வாங்குவோம். இரண்டாம் தளத்து அம்மா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தளத்து ஓய்வுபெற்ற பெரியவர் குறுக்கெழுத்தில் மாட்டிக்கொண்ட கட்டங்களை எங்களிடம் கேட்பார், நாங்கள் சொன்னால் 'அது எனக்கும் தெரியும்' என்பார். ஒரு குட்டிப் பையன் இருக்கிறான். வானத்தில் எது போனாலும் நோட்டில் குறித்து வைப்பான். நேற்று ஒரு வெளிச்சம் மேற்கிலிருந்து சிமிட்டாமல் வந்து நடுவானத்தில் பட்டென்று அணைந்துபோயிற்று. அவனுக்கு அதில் ராத்திரி தூக்கமே இல்லையாம். இத்தனை வருடம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், இரண்டு வாரமாகத்தான் இவர்கள் பெயரே தெரியும்.

திண்ணைவாசி | 10.49

அப்படியானால் எதற்கு ஐயா ரிப்பேர்? விட்டுவிடுங்கள்.

நிரல்நாயகம் | 10.58

இது தொழில்நுட்ப உதவிப் பகுதி. கவிதைக்குத் தனி இடம் உண்டு. அப்புறம், சிமிட்டாமல் போவதெல்லாம் விமானம்தான். தூரத்தில் நேராக உங்களை நோக்கி வந்தால் சிமிட்டுவது தெரியாது.

திண்ணைவாசி | 11.06

நோக்கி வந்தால் தெரியாது, சரி. வானத்தைக் குறுக்காகக் கடந்தால்? அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்தது பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும். அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நமக்கு இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும், அதுதான் நம் கண்ணில் படுகிறது. நடுவானில் அணைவது பூமியின் நிழலுக்குள் நுழைவதால். விமானம் எங்கே அப்படி அணையும்?

நிரல்நாயகம் | 11.09

மேகத்துக்குள் போனால்.

திண்ணைவாசி | 11.10

பையனிடமே கேட்போம். நோட்டில் மேகம் குறித்திருப்பான்.

அவசரக்குடுக்கை | செவ்வாய், மாலை 6.19

போய்விட்டது. அலமாரியை நகர்த்திவிட்டேன். எல்.ஓ.எஸ். சிவப்பு, மின்னுகிறது. பி.ஓ.என். என்ற பச்சை விளக்கு அணைந்துவிட்டது. இது நல்லதா கெட்டதா?

செம்பருத்தி | 6.24

நமக்கு நல்லது. ஃபைபரில் நெட் வெளிச்சமாகத்தான் வரும். தெருவிலிருந்து வர வேண்டிய அந்த வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை. வைஃபை, சேனல், அடாப்டர், சூடு எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடிந்தால் ஆப்டிகல் பவர் என்று ஓர் எண் இருக்கும், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, டிபிஎம் கணக்கில். வீட்டு இணைப்புகளில் மைனஸ் 27 டிபிஎம் வரை பொதுவாகத் தாங்கும், அதற்குக் கீழே இறங்கினால் ஆபத்து. ஒவ்வொரு 3 டிபி இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயப்பற்று | 6.27

அடாப்டர் பலவீனமாக இருந்தாலும் அந்த விளக்கு எரியலாம். சொல்லி வைக்கிறேன்.

நிரல்நாயகம் | 6.31

ஒளியிழை பற்றி அடிப்படையே தெரியாமல் பேசுகிறார்கள். 1966-ல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பை 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவந்தால் கண்ணாடி இழையில் தகவல் அனுப்பலாம் என்று காட்டினார்கள். அதற்காகக் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதவடைப்பு | 6.33

அவர் நோபல் கேட்கவில்லை ஐயா, நெட் கேட்கிறார்.

அவசரக்குடுக்கை | 6.35

மத்தியானமே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தேன், அதில் மைனஸ் 20.4 என்று இருக்கிறது. இப்போது மைனஸ் 40 காட்டுகிறது.

செம்பருத்தி | 6.38

சில பெட்டிகளில் மைனஸ் 40 என்றால் வெளிச்சமே இல்லை என்று பொருள். மத்தியானம் நன்றாக இருந்திருக்கிறது, ஆகவே இழை அறுந்துபோகவில்லை. ஏதோ ஒன்று சாயங்காலம் மட்டும் அதை மடக்குகிறது அல்லது நசுக்குகிறது. பழைய வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக வளைக்கக் கூடாது என்பார்கள். வீடுகளுக்குள் இழுக்கவென்று வந்த ஜி.657 வகை 10, 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். அதையும் முனையில் வைத்து அழுத்தினால் உள்ளே போகும் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துவிடும். அழுத்தம் போனதும் திரும்பி வரும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

இப்போதே, சிவப்பு மின்னும்போதே, கேபிள் போகும் வழியெல்லாம் நடந்து பாருங்கள். இழுக்க வேண்டாம், எங்கும் கழற்ற வேண்டாம். கழன்ற முனை எதையாவது பார்த்தால் அதற்குள் கண்ணை வைத்துவிடாதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. கேபிள் உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது? கட்டடத்தில் மற்றவர்களுக்கும் நெட் போகிறதா?

அவசரக்குடுக்கை | 6.41

மேலிருந்து படிக்கட்டு வழியாக வருகிறது. மற்றவர்களுக்கும் போயிருக்கும். எல்லாரும் இந்நேரம் மாடியில்தானே இருக்கிறார்கள்.

செம்பருத்தி | 6.42

நெட் போனதால்தான் மேலே வந்தோம் என்று அவர்களில் யாராவது சொன்னார்களா?

அலைவரிசை | 7.30

ஆள் போய்விட்டார்.

வெப்பச்சலனம் | 8.15

படிக்கட்டுச் சுவரில் வெயில் படுகிறதா என்று கேட்க நினைத்தேன். கேபிளின் உறை சூட்டில் விரியும்.

கதவடைப்பு | புதன், காலை 9.02

எங்கள் துணி இயந்திரம் இன்று வருகிறதாம். பத்து முதல் ஆறு. நாற்காலி போட்டாயிற்று.

நிரல்நாயகம் | 9.40

தீர்வு கிடைத்தால் வந்து எழுதவும் என்று அந்தப் பதிவில் ஏழாவது விதியாகவே எழுதியிருக்கிறேன்.

திண்ணைவாசி | 9.48

அவர் மாடியில் இருக்கிறார். விடுங்கள்.

அவசரக்குடுக்கை | வியாழன், இரவு 8.20

கிடைத்துவிட்டது. மாடிக் கதவு. கேபிள் அதன் நிலைப்படி மேலேதான் போகிறது. காற்றில் கதவு அடிக்காமல் இருக்க ஒரு பெரிய கல்லை அண்டைக்கொடுத்து வைப்போம், அது நேராகக் கேபிள்மேல். முதலில் வருபவர் வைப்பார், கடைசியில் இறங்குபவர் எடுப்பார். ஞாயிறு பிள்ளைகள் நாலரைக்கே வந்துவிடுவார்கள். மழை நாளில் யாரும் வரவில்லை. யாருக்கும் நெட் போகவே இல்லையாம், எனக்கு மட்டும்தான்.

கதவின் கொக்கி உடைந்து இரண்டு வாரம் ஆகிறது. இதைத்தான் செம்பருத்தி கேட்டிருக்கிறார், எனக்கு நினைவுக்கு வரவில்லை. கல்லைத் தேடித் தூக்கிக்கொண்டு வந்து போட்டதும் நான்தான்.

கல்லைத் தள்ளி வைத்துவிட்டோம், மைனஸ் 20.6. எல்லாருக்கும் நன்றி. பையன் நோட்டில் 'மேகம் இல்லை' என்று இருக்கிறது.

செம்பருத்தி | 8.26

மகிழ்ச்சி. இரண்டு வாரம் நசுங்கிய இடம் கொஞ்ச நாளில் உடையலாம். அந்தத் துண்டை மாற்றி, நிலைப்படியில் விடாமல் கதவுக்கு மேலே சுவரோடு ஆணியடித்துத் தரச் சொல்லுங்கள். காலை பதினொரு மணிக்கு வந்தாலும் இந்த வேலை நடக்கும்.

கதவடைப்பு | 8.31

எங்களுக்கு யாரும் வரவில்லை. ஆனால் குறை தீர்க்கப்பட்டுவிட்டதாம்.

ஈயப்பற்று | 8.40

அந்தப் பையன் வரும்போது, எதற்கும், அடாப்டரையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.