கீசர் சூடாகவில்லை, ஆனால் முந்தின நாள் ஆவி பறந்தது

எங்கள் வீடு கோயம்புத்தூரில். குடிக்க மட்டும் சிறுவாணி, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். கீசருக்குள் இறங்குவதும் அந்த உப்புத் தண்ணீர்தான். 15 லிட்டர், 2000 வாட், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

மார்கழியில் ஒரு காலை அம்மா குளியலறையிலிருந்து கூப்பிட்டார். "டேய், பச்சைத் தண்ணியா வருதுடா." ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. கீசரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. சாக்கெட்டில் டெஸ்டர் வைத்தேன், கரண்ட் இருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் கீழ் மூடியைக் கழற்றினால், கட் அவுட் என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்சின் சின்னப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அழுத்தியதும் டிக் என்று உட்கார்ந்தது. விளக்கு வந்தது, தண்ணீரும் சுட்டது. சரி, முடிந்தது என்று மூடியை மாட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். பத்தே நாளில் மறுபடி பச்சைத் தண்ணீர்.

இந்த முறை எலக்ட்ரீஷியன் அண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. முதலில் அம்மாவிடம் கேட்டார். "ஏனுங்கம்மா, நின்னு போறதுக்கு முன்னாடி தண்ணி எப்படி வந்துச்சுங்க?"

"குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு ஆவியா வந்துச்சு தம்பி. கையே வெக்க முடியல."

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் கரண்ட்டை நிறுத்த வேண்டியது தெர்மோஸ்டாட். அது நிறுத்தாமல் விட்டால், கொதிநிலைக்குப் போகாமல் காப்பாற்றுவது அந்தக் கட் அவுட். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான்தான் அதை அழுத்தி, பழுதான தெர்மோஸ்டாட்டிடம் அம்மாவை மறுபடி விட்டிருக்கிறேன்.

தண்ணீரை வடித்து, சூடாக்கும் கம்பியான எலிமெண்டை வெளியே இழுத்தார். கம்பியே தெரியவில்லை, விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு. தெர்மோஸ்டாட் நுழையும் குழாயிலும் அதே கதை, அதனால் சூடு அதற்கு எட்டுவதே தாமதம். தட்டத் தட்ட வாளியில் சுண்ணாம்புச் சில்லு உதிர்ந்தது, அரை மக்கு இருக்கும். எலிமெண்டை மீட்டரில் பார்த்தார்: 26 ஓம். 2000 வாட்டுக்கு அது சரியான கணக்கு, எலிமெண்ட் பிழைத்துவிட்டது. விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால்தான் எலிமெண்டைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். (எதிர் வீட்டில் விளக்கும் எரியும், எலிமெண்டும் நன்றாக இருக்கும், ஆனால் வெதுவெதுப்புதான். அங்கே சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும். 2000 வாட் கீசர் அப்போது 1200 வாட் சொச்சம்தான் இழுக்கும்.)

புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட். சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் முழுசாக வரும்வரை ஸ்விட்ச்சில் கை வைக்கவிடவில்லை. காலி டேங்க்கில் போட்டால் எலிமெண்ட் கருகிவிடும்.

அன்று நான் குளியலறை வாசலிலேயே நின்று பார்த்தேன். இருபது நிமிஷத்தில் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது. அப்புறம்தான் அம்மாவைக் குளிக்கப் போகச் சொன்னேன்.