ராணிக் கட்டெறும்பு முட்டை போட்டிருக்கு, சாப்பாடு வைக்கணுமா?

ஆற்றூரான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருவட்டாறு பக்கம். மழை பெய்து ஓய்ந்த ஒரு புழுக்கமான சாயங்காலம் வராந்தா லைட்டைச் சுற்றி ஈசலோடு சேர்ந்து இறக்கை வைத்த பெரிய கட்டெறும்புகளும் வந்து விழுந்தன. காலையில் பார்த்தால் அதில் ஒன்று இறக்கை இல்லாமல் முற்றத்துச் சுவரோரம் நுழைய இடம் தேடி அலைந்தது. மற்ற கட்டெறும்பைவிடக் கனத்த உடம்பு, முதுகு நன்றாகப் புடைத்திருந்தது, சரி ராணிதான் என்று பிடித்து ஒரு மருந்துக்குப்பியில் ஈரப் பஞ்சோடு போட்டு வைத்தேன். இப்போது ஒரு மூலையில் முட்டைகளைக் குவித்து அதன்மேலேயே நிற்கிறது.

சீனித்தண்ணி வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டினியில் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, முதலில் பார்த்ததைவிட இப்போது முட்டை குறைந்த மாதிரி தெரிகிறது. அண்ணன் மகன் மணிக்கொரு தரம் குப்பியைத் தூக்கி லைட்டில் காட்டிப் பார்க்கிறான், அதனால் ஏதும் ஆகுமா? எப்படியாவது ஒரு முழுக் கூடாக வளர்த்துப் பார்க்கணும் என்று ஆசை. அம்மாவோ "நான் எறும்பு வராமல் இருக்க மஞ்சப்பொடி தூவிட்டு நடக்கேன், நீ அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வளர்க்கியா" என்று சத்தம் போடுகிறார்கள்.

கோட்டாறு எறும்பன்:
தம்பி, முதலில் அந்தச் சீனித்தண்ணியை எடுத்துவிடுங்கள், அது புளித்துப் பூஞ்சை பிடிப்பதற்கு மட்டும்தான் உதவும். கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் தீனி வேண்டாம். பறப்பதற்காக முதுகில் வைத்திருந்த பெரிய தசைகள் இனி அதற்குத் தேவையில்லை, அதுவே கரைந்து உணவாகிறது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பும் இருக்கிறது. அதை வைத்துத்தான் தானும் உயிர் வாழ்ந்து முதல் குஞ்சுகளுக்கும் வாயிலிருந்து ஊட்டும். மண்ணுக்குள் குழி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வேலைக்காரிகள், அதாவது கூட்டு வேலையெல்லாம் செய்யும் பெண் எறும்புகள், வரும்வரை வெளியே வராத இனம் இது. தண்ணீர் மட்டும் தீரக் கூடாது.

முட்டை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் அண்ணன் மகன்தான் 😄 அதிர்வும் வெளிச்சமும் பட்டால் ராணி பயந்து முட்டையைத் தின்றுவிடும். தொந்தரவே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டைத் தின்பது உண்டு, அதற்குப் பதற வேண்டாம்.

குப்பியைவிடக் கண்ணாடிச் சோதனைக்குழாய் நல்லது. பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பெரிய ஊசிக்குழலின் முனையை நன்றாக அடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். மூன்றில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர், அப்புறம் பஞ்சைத் தண்ணீர் தொடும்வரை இறுக்கித் தள்ளணும், இடையில் காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது, பஞ்சு நனைந்து இருக்கணும் ஆனால் சொட்டக் கூடாது. ராணியை விட்டு வாயைக் காய்ந்த பஞ்சால் மூடிக் கறுப்புத் தாளைச் சுற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத அலமாரியில் படுக்க வைத்துவிடுங்கள். ஆனால் இப்போது முட்டை இருக்கும்போது பலவந்தமாக மாற்றாதீர்கள். குப்பிக்குள் ஈரம் இருக்கிறவரை அப்படியே இருக்கட்டும். கட்டாயம் மாற்ற வேண்டிவந்தால் குப்பி வாயையும் குழாய் வாயையும் சேர்த்து ஒட்டி, குப்பியை வெளிச்சத்தில் வைத்துக் குழாயை இருட்டாக்கினால் ராணியே பைய முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. முட்டை புழுவாகும், புழு பழுப்பு உறைக்குள் போகும், அந்த உறையின் ஒரு முனையில் சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும், அது புழு கழித்த கழிவு, செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் வெக்கையில் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மாதத்தில் முதல் வேலைக்காரி வெளியே வரும். அவை ரொம்பக் குட்டியாகத்தான் இருக்கும், பட்டினி கிடந்த தாய் ஊட்டி வளர்த்தது அல்லவா. பெரிய தலைக்காரிகள் எல்லாம் பிறகுதான்.

ஒரு விஷயம், இறக்கை உதிர்ந்ததால் மட்டும் இணை சேர்ந்த ராணி என்று சொல்ல முடியாது. சேராத ராணியும் சிலசமயம் இறக்கையை உதிர்த்து முட்டை போடும், அதிலிருந்து இறக்கை வைத்த ஆண்கள் மட்டுமே வரும். வேலைக்காரி வந்தால்தான் உறுதி. வந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை, ஒரு நாள் இணை சேர்ந்து வாங்கி வைத்த விந்தணுவை வைத்தே ஆயுசுக்கும் முட்டையிடும். ஐரோப்பாவில் ஒரு கறுப்பெறும்பு ராணி வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் இருந்ததாகப் பதிவு உண்டு.

தேன்பெட்டி மார்த்தாண்டம்:
நான் தேனீக்காரன், எறும்பு எனக்கு எதிரிக் கட்சி, இருந்தாலும் சொல்கிறேன் 😀 தேனீயில் ராணி தனியாகக் குடும்பம் தொடங்கவே முடியாது, பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்பும். அந்த வகையில் உங்கள் ராணி கெட்டிக்காரிதான்.

அவளுக்குப் பெரிய ஆபத்து வீட்டிலுள்ள சின்ன எறும்புகள். பஞ்சில் நூல் அளவு இடைவெளி கிடைத்தாலும் கூட்டமாக நுழைந்து முட்டையையும் ராணியையும் முடித்துவிடும். நாங்கள் தேன்பெட்டியின் காலுக்குச் செய்வதையே செய்யுங்கள். ஒரு சின்ன ஸ்டூல், நாலு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய சிரட்டையோ கிண்ணமோ வைத்து, அதன்மேல் குழாய். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் எறும்பு மேலே மிதந்து கடக்க முடியாது. ஸ்டூல் சுவரைத் தொடக் கூடாது, திரைச்சீலை அதன்மேல் படக் கூடாது, இதை மறந்துவிட்டுத் தண்ணீர் வைத்துப் பயனில்லை. கொசு முட்டை போடாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட், ஸ்பிரே எதுவும் வேண்டாம், கொசுவைக் கொல்கிற மருந்து எறும்பையும் கொல்லும்.

விளைக்காரி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. விளையில், அதாவது தோப்பில், ஆயிரம் கூடு கிடக்கிறது, அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் போதாதா? மண்ணில் போக வேண்டியதைக் குழாயில் அடைப்பது என்ன சந்தோஷம்?

கோட்டாறு எறும்பன்:
அக்கா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் பறந்த ராணிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் மற்ற எறும்புக்கும்தான் போயிருக்கும், கூடு வைப்பது அபூர்வம். லைட்டில் விழுந்த ஒன்றை எடுப்பது வேறு, கூட்டைத் தோண்டி ராணியை எடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள், அங்கே இருக்கிற கூடு மொத்தமும் அழிந்துபோகும். விளையில் பிடித்த வேலைக்காரிகளைத் துணைக்கு என்று உள்ளே விடவும் கூடாது, வாசனை வேறாக இருப்பதால் ராணியைக் கடித்துக் கொன்றுவிடும். வளர்க்க முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள், வேறு ஊரில் விட வேண்டாம்.

ரப்பர்தோட்டம் குலசேகரம்:
இடையில் ஒரு சந்தேகம். மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறையும் இப்படிக் குழாயில் வளர்க்கலாமா?

கோட்டாறு எறும்பன்:
ராணி கிடைத்தால் முட்டை போட வைக்கலாம், முசுறு ராணி பச்சை நிறத்தில் இருக்கும், எளிதாகத் தெரியும். பிறகுதான் சிக்கல். அதற்கு உயிருள்ள இலை வேண்டும், ஒரே கூட்டம் பல மரங்களில் பரவி வாழ்கிற இனம், கடியும் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை வளர்ப்பவருக்கு முசுறு வேண்டாம், கட்டெறும்புதான் பொறுமையான ஆள்.

ஆற்றூரான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீனித்தண்ணியை எடுத்துவிட்டேன், சிரட்டையும் வைத்தாச்சு, அண்ணன் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க அனுமதி. வேலைக்காரிகள் வந்ததும் என்ன கொடுக்கணும்? வீட்டில் மார்த்தாண்டம் தேன் இருக்கிறது. கூட்டை எப்போது பெரிதாக்கணும்?

கோட்டாறு எறும்பன்:
தேனை அப்படியே வைத்தால் குட்டிகள் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். கொஞ்சம் தண்ணீர் கலந்து, சின்னத் துண்டுத் தாளில் கடுகளவு வைத்து, மறுநாள் மிச்சத்தோடு எடுத்துவிடணும். புழு வளர இறைச்சி வேண்டும், வாரத்தில் இரண்டு தரம் கையால் அடித்த கொசுவோ ஈயோ போதும், மருந்தடித்துச் செத்த கரப்பான் கூடவே கூடாது. இருபது முப்பது வேலைக்காரி ஆகும்வரை குழாயே தாராளம், அதற்குமுன் பெரிய வீடு கொடுத்தால் மூலையில் குப்பை போட்டுப் பூஞ்சை பிடிக்கவிடும். அப்புறம் குழாயை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துப் பஞ்சைத் திறந்துவிடுங்கள், டப்பாதான் அவற்றின் முற்றம். டப்பாவின் மேல்விளிம்பில் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் ஏற முடியாமல் வழுக்கும். நம்ம ஊர் மழைக்காலத்தில் அந்தப் பூச்சு ஈரம் ஏறிப் பிடிப்பு விட்டுவிடும், அதனால் ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அடிக்கடி புதுசாகப் பூசணும், மூடியும் போடணும், இல்லாவிட்டால் அம்மா கையில் மஞ்சப்பொடி தயாராக இருக்கும்.