மயக்கவியல் முதலாண்டு: எதை முழுதாகப் படிப்பது?

வணக்கம். மயக்கவியல் சிறப்புப் பயிற்சியில் முதலாண்டு. மில்லர் என்ற பெரிய மயக்கவியல் பாடநூலை முழுதாகப் படிக்க ஆசைதான், ஆனால் நைட் டூட்டி முடிந்து வந்தால் சில பக்கங்களுக்கு மேல் ஓடுவதில்லை. அதைவிடச் சிறிய மார்கன் மிக்கெயில் பாடநூலை முதலில் முடித்துவிட்டு, மில்லரைச் சந்தேகம் வரும்போது மட்டும் புரட்டினால் சரியா?

அப்புறம், உடலியங்கியலுக்குத் தனிப் புத்தகம் வேண்டுமா? ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்வது) கொடுத்ததும், இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கும் சிம்பதெடிக் நரம்புகள் தடைபட்டு, குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்குகிறது. இந்தத் தடை மார்பின் மேற்பகுதி நரம்புகள் வரை ஏறினால் இதயத்துடிப்பும் குறைகிறது. இதையெல்லாம் மனப்பாடமாக இல்லாமல் புரிந்து படிக்கவே விரும்புகிறேன். நோயாளி மேசையில் இருக்கும்போது புத்தகம் புரட்ட முடியாதே.

கையில் இருப்பது பழைய பதிப்பு. அடிப்படைக்கு அது போதும், மருந்துகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் புதியது வேண்டும் என்பது என் எண்ணம். தேர்வு முடித்த சீனியர்கள் எந்த வரிசையில் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.